இரண்டு முனையும் என் கையில்

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. இன்று வியாழன். விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் ஸ்காட்லாந்து கிளம்புகிறேன், அப்பாகிட்ட சொல்லிரும்மா என்றாய். சரி என்றேன். பழக்கத்தில் வந்த சரி. போனை வைத்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னவாம்?" என்றார். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். தலையாட்டிவிட்டு டூட்டி ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார். நான்கு நாட்களாக இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான் நீ போவது தெரியும். மறதி இல்லை. வேண்டுமென்றே செய்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் பாதியில் சிரித்துச் சமாளித்து வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எழுத்தில் அது முடியாது. மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். என்னைப் போல நடுவில் நிற்கும் அம்மாக்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். துறைமுகத்தில் அப்பாவுக்குக் கப்பலைக் கயிற்றால் கரையோடு கட்டும் கேங்கில் வேலை. கப்பல் பெர்த்துக்கு நெருங்கும்போது மேலிருந்து எறியும் ரோப்பை வாங்கி இழுத்து, கரையிலிருக்கும் இரும்புக் குத்தியில் மாட்டுவார்கள். கட்டி முடித்ததும் அடுத்த கப்பலுக்குப் போய்விடுவார்கள். நீ எம்.எஸ்ஸி. முடித்த வருடம் அங்கேயே உனக்கும் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டு ஆசையாக வந்தார். நீ ஹைதராபாத்தில் கம்ப்யூட்டரில் மருந்து வடிவமைக்கும் கம்பெனிக்குப் போகிறேன் என்றாய். "கண்ணுக்குத் தெரியாத சாமானுக்குக் கம்ப்யூட்டர்ல படம் வரைஞ்சு, அதை எவம்லே முழுங்குவான்?" என்றார். "ஒங்களை மாதிரி நானும் காலம் பூரா கயிறு இழுக்கணுமா?" என்றாய். அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். அதற்குப் பிறகு ஆறு வருடம் நீங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியது எல்லாம் என் வாய் வழியாகத்தான்.

நான் உண்மையைக் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோகவில்லை. நீ கிளம்பிய அன்று அப்பா டூட்டியில் இருக்கிறார், ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார் என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில், கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கருப்பு பேக் ஒன்றைக் கொடுத்து, அப்பா வாங்கியது என்றேன். நான் வாங்கியது. அவருக்கு முட்டுவலி வந்தபோது நானே தைலம் வாங்கி வந்து, நீ அனுப்பினாய் என்றேன். தேய்க்கும்போது லேபிளைப் படித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஒவ்வொன்றையும் சொல்லும்போது எனக்கு நிறைவாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ உன் மேசையில் அமர்ந்து புரதங்களுக்கு மாடல் போட்டாய். நான் இங்கே அடுப்படியில் நின்று, உனக்கு ஓர் அப்பாவையும் அவருக்கு ஒரு மகனையும் மாடல் போட்டுக்கொண்டிருந்தேன். என் மாடலில் இரண்டு பேரும் நல்லவர்கள். சாப்பிட்டாயா என்று கேட்பவர்கள். அவர்கள் நிஜமான உங்கள் இருவரையும் விடப் பழகுவதற்கு எளிது.

உன் வேலை எனக்குப் புரிய நாளாயிற்று. நான் உப்பு சோதிக்கிறவள். உப்பளத்துச் சாம்பிளைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாகும் புள்ளியைப் பார்த்து, இதில் மக்னீசியம் இவ்வளவு என்று எழுதுகிறவள். கண்ணால் பார்க்காததை நம்பப் பழகாதவள். நீ பொறுமையாகச் சொன்னாய். பழைய வகை மருந்து, நோய் உண்டாக்கும் புரதத்தில் போய் உட்கார்ந்து அதன் வாயை அடைக்கும். உங்களுடையது அடைக்காது. ஒரு முனையால் அந்தப் புரதத்தைப் பிடிக்கும். மறுமுனையால் செல்லுக்குள் ஏற்கனவே இருக்கும் ஒரு நொதியைப் பிடிக்கும். இரண்டும் பக்கத்தில் வந்துவிட்டால் நொதி அந்தப் புரதத்தின்மேல் ஒரு குறியை ஒட்டும். குறி விழுந்ததைச் செல் தானாகவே உடைத்துப் போட்டுவிடும். மூன்றும் சேர்ந்து நிற்கும்போது எந்தக் கோணத்தில் நிற்கும், நடுவில் இருக்கும் இணைப்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்று விதவிதமாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, இதைச் செய்யுங்கள் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சொல்வது நீ. நான் இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பாவிடம் போய், "நல்லா இருக்கானாம், வேலை அதிகமாம்" என்று சொன்னேன்.

போன ஆடியில் நீ அழுதாய். பட்டியலில் முதலாவதாக வந்த மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் செய்து செல்லில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் புரதம் சேதாரமில்லாமல் அப்படியே இருந்திருக்கிறது. "மாடல்ல அவ்வளவு அழகா உக்காந்துச்சும்மா" என்றாய். அந்த வாக்கியத்தை மூன்று தடவை சொன்னாய். புரதத்தையும் நொதியையும் கிட்டத்தட்ட அசையாமல் பிடித்துவைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், நிஜத்தில் அவை நெளிந்துகொண்டே இருக்கும், அது தெரிந்தும் அவசரத்தில் விட்டுவிட்டேன் என்றாய். எட்டு மாத வேலை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் பின்னால் அப்பா. உன் அழுகை அவருக்குக் கேட்டிருக்கிறது. "அழுதானா?" என்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. "சந்தோசத்துல" என்றேன். "அவன் செஞ்ச மருந்து ஜெயிச்சிட்டாம்."

மறுநாள் மாலை அவர் வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே ஒரே ஒரு லட்டு. "ஒனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சேன்" என்றார். மீதி எங்கே என்று கேட்டேன். கேங்கில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். கப்பலை இழுத்து வரும் டக் போட்டுக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறார். கேட்டில் நிற்கும் காவலருக்குக்கூட. என் மகன் ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று. நான் அந்த லட்டை நின்றபடியே தின்றேன். ராசா, இந்த ஆறு வருடத்தில் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த ஒரே நிஜமான செய்தி அந்த லட்டுதான். நான் தயாரிக்காதது. அதை மட்டும் என்னால் உன்னிடம் கொண்டுவர முடியவில்லை. அப்பா லட்டு கொடுத்தார் என்றால், எதுக்கு என்று கேட்பாயே.

பிறகு என் குரல் போனது. குரல் நாணில் சின்னதாக ஒரு முடிச்சு. எடுத்துவிட்டு, மூன்று வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். அதிகம் பேசினால் வருமாம். மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினால் வராமல் என்ன செய்யும். நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்று வாரத்துக்கு வந்தாய். முதல் நாள் காலை நினைவிருக்கிறதா? நீ கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அப்பா உன்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றுகொண்டு, "ஏளா, காப்பி குடிப்பானான்னு கேளு" என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு ஃபேனிடம், "காப்பி இருக்கு" என்றார். நீ லேப்டாப்பிடம், "குடிக்கேன்" என்றாய். சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் வலித்தது.

நாலாவது நாள் மதியம். அப்பா திரேஸ்புரத்திலிருந்து சாளை மீன் வாங்கி வந்திருந்தார். நீ குழம்பு வைத்தாய். உப்பு கம்மி. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எப்படியாவது பேச வேண்டும் என்று நீ தேடியிருக்க வேண்டும். "அந்த பேக் இன்னும் நல்லாருக்குப்பா" என்றாய்.

"எந்த பேக்கு?"

"நான் ஹைதராபாத் போம்போது வாங்கிக் குடுத்தீங்கல்லா. கருப்பு."

"நான் எங்கலே வாங்கினேன்?"

எழுதிக் காட்டுவதற்காக நான் வைத்திருந்த நோட்டும் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. எடுக்கவில்லை. எடுத்து என்ன எழுத?

நீ மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாய். "போன வருசம் எனக்கு டெங்கு வந்தப்ப, ரத்தத்துல பிளேட்லெட் எவ்வளவுன்னு டெய்லி கேட்டீங்களே?"

"டெங்கா? ஒனக்கா? எப்பம்லே? ஏளா, இவனுக்கு டெங்கு வந்துச்சா?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"அப்ப நீ தைலம் அனுப்பினது?" என்றார் அவர். "முட்டுவலிக்கு."

"ஒங்களுக்கு முட்டுவலியாப்பா?"

இப்படியே ஒரு ஆறு வருடத்தை இரண்டு பேரும் சாளைக்கு முள் எடுப்பதுபோல எடுத்து வைத்தீர்கள். கடைசியில் அவர் குரல் தணிந்தது. "அந்த மருந்தாவது ஜெயிச்சுதா?"

"எந்த மருந்து?"

"போன ஆடியில. நீ சந்தோசத்துல அழுதியே."

"அது தோத்ததுப்பா. அதுக்குத்தான் அழுதேன்."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நான் கேங்குல எல்லாத்துக்கும் லட்டு குடுத்தேன்லே" என்றார்.

நீ அவரையே பார்த்தாய். "எதுக்கு?" என்றாய். "ஜெயிச்சிட்டுன்னு ஒங்கம்மா சொன்னா. பொறவு எதுக்கு?" என்றார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தீர்கள். "இவ ஒருத்தி, நம்ம ரெண்டு பேரையும் வச்சு பொம்மலாட்டம் நடத்திருக்கா" என்றார். "ஆறு வருசமாப்பா" என்றாய். அந்த நிமிடத்தில் என் உடம்பெல்லாம் கூசியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் எழுந்து கொல்லைக் குழாய்க்குப் போனார். நீயும் எழுந்து போனாய். தண்ணீர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். வாசலுக்கு வந்தேன். தெருமுனையில் உன் முதுகு தெரிந்தது. எங்கே என்று கூப்பிட்டுக் கேட்க எனக்குக் குரல் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து வந்தீர்கள். இருவர் முகமும் வெயிலில் கருத்திருந்தது. என்னிடம் ஒரு மக்ரூன் பொட்டலத்தை நீட்டினாய். எங்கே போனீர்கள், என்ன பேசினீர்கள் என்று அன்று கேட்க முடியவில்லை. குரல் வந்த பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவரை உன் லேப்டாப் முன்னால் உட்காரவைத்து உன் வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் காப்பியோடு பின்னால் நின்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார். "சரி, குறி ஒட்டி, அது ஒடைஞ்சு போச்சு. அந்த மருந்து என்ன ஆவும்?" நீ சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாய். "அது அப்படியே கழண்டு, அடுத்த புரதத்துக்குப் போயிரும்ப்பா. ஒண்ணே திரும்பத் திரும்ப வேலை செய்யும்" என்றாய். "அப்ப எங்க கேங்கு ஆளுதாம்லே அது" என்றார். உனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும். பிறகு நீ ஒரு கிராஃப் காட்டினாய். மலை போல ஏறி, மறுபக்கம் இறங்கியது. மருந்தைக் கூட்டக் கூட்ட வேலை கூடும். ஓர் அளவைத் தாண்டினால் குறைய ஆரம்பிக்கும் என்றாய். ஏன் என்றார். மருந்து அளவுக்கு மேல் இருந்தால் புரதம் ஒவ்வொன்றையும் ஒரு மூலக்கூறு தனியாகப் பிடித்துக்கொள்ளும், நொதி ஒவ்வொன்றையும் வேறொரு மூலக்கூறு தனியாகப் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கையும் நிரம்பியிருக்கும். ஆனால் இவர்கள் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றேன். என் சோதனையில் அளவு தாண்டிச் சொட்டு விழுந்தால் நீலம் நீலமாகவே இருக்கும். கணக்குதான் கெடும், வேறொன்றும் ஆகாது. உன்னுடையதில் அளவு தாண்டினால், நடக்க வேண்டியதே நடக்காமல் போகிறது. அந்த மலையின் இறக்கத்தில் எங்கோ ஓரிடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். நீ ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தாய். அவர் ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தார். இரண்டு முனையும் என் கையில். உங்கள் இருவருக்கும் கை காலியாக இல்லை. நான் குறைவாக நேசித்ததால் வந்த தப்பு இல்லை இது. கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் போதும்.

உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது என்று நீ சொல்வாய். உங்கள் மருந்து சேர்த்துவைப்பது உடைப்பதற்காக. அதையும் யோசித்தேன். அன்று மதியம் ஒன்று உடையத்தான் செய்தது. நான் உன் தலைக்குள் கட்டி வைத்த அப்பா உடைந்தார். தினமும் பிளேட்லெட் கேட்ட அந்த நல்ல மனிதர். அவர் இல்லாமல் போனதில் உனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆனால் அவர் லட்டு வாங்கவில்லை. லட்டு வாங்கியவர் வேறு ஆள்.

நீ ஹைதராபாத் திரும்பிப் போனாய். எனக்குக் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவர், "அவன்ட்ட சொல்லு, இங்கன மழைன்னு" என்றார். நான் சொன்னேன். பிறகு நீ, அப்பாகிட்ட சொல்லிரும்மா என்றாய். பழைய தடத்தில் கால் தானாகவே போகிறது, மூன்று பேருக்கும். அதனால்தான் விசாவை என் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், அல்லது சுவரைப் பார்த்துப் படுப்பார். எதுவானாலும் அதை நான் வேறொன்றாக மாற்றித்தான் உன்னிடம் கொண்டுவருவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இது கடைசி. நேற்று மார்க்கெட்டில் அப்பாவின் கேங்கு ஆள் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். "என்ன மைனி, ஒங்க மவன் மருந்து இன்னும் ஆவலையாமே?" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "அண்ணாச்சிதான். அன்னைக்குத் தம்பியைக் கூட்டிக்கிட்டு கேட்டுக்கு வெளிய டீக்கடைக்கு வந்தாவல்லா. எல்லாத்தையும் நிப்பாட்டி, ஏலே, அன்னைக்கு ஜெயிச்சிட்டுன்னு சொன்னேம்லா, அது தோத்துட்டு, இவன் திரும்பச் செய்யுதான்னு சொன்னாவ. தம்பி எங்களுக்கு டம்ளரை வச்சுப் பாடமே எடுத்துட்டான். ஆவும் மைனி, ஆவும். எங்களுக்கு ரெண்டாவது லட்டு உண்டு." பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஜெயித்தது என்று சொல்ல எல்லா அப்பாவும் டீக்கடைக்கு மகனைக் கூட்டிப்போவார்கள். தோற்றது என்று சொல்லக் கூட்டிப்போனவரை நான் மாடல் போட்டதே இல்லை. எனக்குத் தெரியாது அவர் அப்படி ஒருவர் என்று. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன்.

நீ போகிற ஊரில் உனக்கென்று ஒரு குடும்பம் வரலாம். அங்கேயும் யாரோ இருவர் உன்னை நடுவில் நிறுத்துவார்கள். நில். சேர்த்துவிட்டு விலகிவிடு. யாரையும் அசையாமல் பிடித்துவைத்துக் கணக்குப் போடாதே. ஆறு வருடத்துக்கு முந்திய ஆளுக்கொரு வாக்கியத்தில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துவைத்திருந்தீர்கள். நான் அதற்குக் காவல் நின்றேன். அந்த வாக்கியத்திலிருந்து அவர் எப்போதோ நகர்ந்துவிட்டார். நீயும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் அவருக்குக் காலை டூட்டி. மூன்று மணிக்கு வந்துவிடுவார். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கண்ணயர்வார். நாலு மணிக்கு மேல் கூப்பிடு. அவர் நம்பருக்கு. எடுத்ததும் பேசமாட்டார், மூச்சு மட்டும் கேட்கும். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அவர் உனக்காகக் காத்துக்கொண்டிருப்பார். ஸ்காட்லாந்து என்றதும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை உண்மையிலேயே தெரியாது. கோபமாகச் சொன்னால் அது அவர் கோபம். நல்லதாகச் சொன்னால் அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கூடத்தில் அவர் போன் அடிக்கும். நான் அடுப்படியில் இருப்பேன். எட்டிப் பார்க்கமாட்டேன். அவர் எடுத்ததும், சட்னிக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

அம்மா